ஒரே வாரத்தில் இரண்டு சண்டைகள்: அமெரிக்காவில் விசாரணையும் மருத்துவக் காப்பீடும் கட்சி வழக்கானது எப்படி?

2019 மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்க அட்டர்னி ஜெனரல் வில்லியம் பார், நாடாளுமன்றத்துக்கு நான்கு பக்கக் கடிதம் ஒன்றை அனுப்பினார். 2016 அதிபர் தேர்தலில் ரஷ்யா எப்படித் தலையிட்டது, டொனால்ட் டிரம்ப்பின் பிரசாரக் குழு அதற்கு உடந்தையாக இருந்ததா என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் விசாரித்த ராபர்ட் முல்லரின் முடிவுகளை அது சுருக்கிச் சொன்னது. டிரம்ப்பின் ஆதரவாளர்கள் கொண்டாடினார்கள். எதிர்த்தரப்பு, முழு அறிக்கையையும் வெளியிடச் சொன்னது.

மறுநாளே, பார் தலைமையிலான அதே நீதித் துறை, மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றுக்கு வேறொரு கடிதம் கொடுத்தது. ‘ஒபாமாகேர்’ என்று அழைக்கப்படும் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் சில பிரிவுகள் மட்டுமல்ல, சட்டம் முழுவதுமே ரத்தாக வேண்டும் என்றது அந்தக் கடிதம். அதற்கடுத்த நாள், குடியரசுக் கட்சி இனி மருத்துவத்துக்கான கட்சியாக அறியப்படும் என்று டிரம்ப் அறிவித்தார்.

ஒரு கடிதம் அதிகாரத்தில் இருப்பவரைக் கேள்வி கேட்கும் உரிமையைப் பற்றியது. மற்றொன்று, நோயாளி ஒருவருக்குச் சிகிச்சை கிடைக்குமா என்பதைப் பற்றியது. ஒன்றை ஆதாரத்தை வைத்து எடைபோட வேண்டும். மற்றதை எத்தனை பேருக்கு, என்ன செலவில் காப்பீடு கிடைக்கிறது என்பதை வைத்து அளக்க வேண்டும். ஆனால், அமெரிக்க அரசியல் இரண்டையும் ஒரே கேள்வியால் அளக்கப் பழகிவிட்டது: இதனால் லாபம் எந்தக் கட்சிக்கு?

சட்டம் செய்தது என்ன?

2010 மார்ச் 23 அன்று அதிபர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட இந்தச் சட்டம், மூன்று கல் வைத்துக் கூட்டிய அடுப்பைப் போன்றது. ஏற்கெனவே நோய் இருப்பவருக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் மறுக்கக் கூடாது. அதற்காகக் கூடுதல் பிரீமியமும் கேட்கக் கூடாது. இது முதல் கல். நோய் வந்த பிறகு காப்பீடு எடுத்துக்கொள்ளலாம் என்று ஆரோக்கியமானவர்கள் ஒதுங்கி நின்றால் நிறுவனங்கள் நொடித்துப்போகும் என்பதால், எல்லோரும் காப்பீடு எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அபராதம் (2018 வரை). இது இரண்டாவது. அப்படிக் கட்டாயப்படுத்தினால் வசதியில்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களின் பிரீமியத்துக்கு அரசு மானியம். இது மூன்றாவது. ஒரு கல்லை உருவினாலும் மற்ற இரண்டின் மேல் பாரம் இறங்கும்.

இதோடு, ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் திட்டமும் விரிவாக்கப்பட்டது. ஆனால், 2012-இல் உச்ச நீதிமன்றம் அந்த விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. அதன் பிறகு, ஓர் ஏழைத் தொழிலாளிக்குக் காப்பீடு கிடைக்குமா என்பதை, அவர் வாழும் மாநிலத்தை எந்தக் கட்சி ஆள்கிறது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது.

2010-இல் காப்பீடு இல்லாத அமெரிக்கர்கள் ஏறத்தாழ 4 கோடியே 80 லட்சம் பேர். 2016-இல் அது சுமார் 2 கோடியே 80 லட்சமாகக் குறைந்தது. இது பெரிய சாதனை. குறைகளும் உண்மையானவையே. கூட்டாட்சி அரசின் இணையச் சந்தை வழியே காப்பீடு விற்கப்படும் மாநிலங்களில், 2017-ஆம் ஆண்டுக்கான அடிப்படை பிரீமியம் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. மானிய வரம்பைச் சற்றே தாண்டி வருமானம் ஈட்டிய நடுத்தரக் குடும்பங்களுக்கு அந்த உயர்விலிருந்து பாதுகாப்பு இல்லை. சாதனையை ஒரு கட்சியும் குறையை ஒரு கட்சியும் பங்குபோட்டுக் கொண்டன. குறையைத் திருத்துவதற்குத்தான் ஆளில்லை.

2017: இணையாக ஓடிய இரண்டு தண்டவாளங்கள்

டிரம்ப் பதவியேற்ற ஆண்டின் நாட்காட்டியைப் புரட்டினால், விசாரணையும் மருத்துவமும் எப்படிப் பின்னிக்கொண்டன என்பது புரியும்.

மார்ச் 20 அன்று, டிரம்ப் பிரசாரக் குழுவுக்கும் ரஷ்யாவுக்கும் தொடர்பு இருந்ததா என்று விசாரித்து வருவதை எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி நாடாளுமன்றக் குழுவிடம் வெளிப்படையாக உறுதிசெய்தார். நான்கு நாட்கள் கழித்து, ஒபாமாகேரை மாற்றும் மசோதாவுக்குச் சொந்தக் கட்சியிலேயே போதிய ஆதரவு இல்லாமல் அவைத் தலைவர் பால் ரயான் அதைத் திரும்பப் பெற்றார். மே 4 அன்று, திருத்திய மசோதா 217–213 என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. அதன் விளைவு என்ன என்ற அதிகாரபூர்வ மதிப்பீடு வெளிவருவதற்கு முன்பே வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. மே 9 அன்று கோமி பதவிநீக்கம் செய்யப்பட்டார். மே 17 அன்று முல்லர் சிறப்பு வழக்குரைஞராக நியமிக்கப்பட்டார்.

அந்த மதிப்பீடு மே 24 அன்று வந்தது. மசோதா சட்டமானால் 2026-க்குள் 2 கோடியே 30 லட்சம் பேர் கூடுதலாகக் காப்பீடின்றி நிற்பார்கள் என்றது. நாடு அப்போது கோமி என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தது. ஜூன் 8 அன்று செனட் குழு முன் அவர் அளித்த சாட்சியத்தை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே வாரங்களில், குடியரசுக் கட்சியின் 13 செனட்டர்களைக் கொண்ட குழு ஒன்று, பொது விசாரணை எதுவும் நடத்தாமல், மூடிய கதவுக்குப் பின்னால் செனட்டின் மசோதாவை எழுதிக்கொண்டிருந்தது. ஜூன் 22 அன்று அது வெளியானபோது, மெடிகெய்ட்டை நம்பி வாழும் மாற்றுத்திறனாளிகள் செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானலின் அலுவலகத்துக்கு வெளியே மறியல் செய்தார்கள். காவல் துறையினர் அவர்களைத் தூக்கி அப்புறப்படுத்தினார்கள்.

மூடிய கதவுக்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. செனட்டில் சாதாரண மசோதாவை முன்நகர்த்த 60 வாக்குகள் தேவை. பட்ஜெட் சார்ந்த மசோதாவுக்கான சிறப்பு வழியில் போனால் சாதாரணப் பெரும்பான்மை போதும். குடியரசுக் கட்சியிடம் இருந்தவை 52 இடங்கள். எதிர்க்கட்சியிடம் பேசத் தேவையில்லை என்று விதியே இடம் கொடுத்துவிட்டால், பேசுவதற்கு யார் மெனக்கெடுவார்கள்?

நடுவர் மீது பாயும் வழக்கம்

இந்தச் சண்டைகளில் பெரிதும் அடிவாங்கியவர்கள் நடுவர்கள். கோமியையே எடுத்துக்கொள்வோம். டிரம்ப்பை எதிர்த்துப் போட்டியிட்ட ஹிலாரி கிளிண்டனின் மின்னஞ்சல் விவகாரத்தில் குற்றவழக்குத் தேவையில்லை என்று 2016 ஜூலையில் அவர் பரிந்துரைத்தபோது, குடியரசுக் கட்சியினர் அவரைத் தூற்றினார்கள். தேர்தலுக்கு 11 நாட்கள் இருக்கையில், அதே விவகாரத்தில் புதிய மின்னஞ்சல்களை ஆராய்வதாக அவர் கடிதம் எழுதியதும் ஜனநாயகக் கட்சியினர் கொதித்தார்கள். குடியரசுக் கட்சியினர் பாராட்டினார்கள். அடுத்த மே மாதம் அவரை டிரம்ப் நீக்கியதும், கொதித்தவர்களே அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். ஒரே மனிதர், ஒரே பதவி. மாறியதெல்லாம், அவருடைய முடிவால் யாருக்குச் சேதம் என்பதுதான்.

முல்லர் குடியரசுக் கட்சிக்காரர், எஃப்.பி.ஐ. இயக்குநராக அவரை 2001-இல் நியமித்தவர் அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அப்படியும் அவருடைய விசாரணையை டிரம்ப் சூனிய வேட்டை என்றே அழைத்தார். மருத்துவத் தரப்பிலும் இதே கதைதான். மசோதாக்களின் செலவையும் விளைவையும் கணக்கிடும் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் எந்தக் கட்சியையும் சாராதது. அதன் அப்போதைய இயக்குநர் கீத் ஹாலை 2015-இல் தேர்ந்தெடுத்தது குடியரசுக் கட்சித் தலைமை. அவருடைய கணக்கு கசந்ததும், வெள்ளை மாளிகை அந்த அலுவலகத்தின் நம்பகத்தன்மையையே தாக்கியது.

முல்லரின் 448 பக்க அறிக்கை, சில பகுதிகள் மறைக்கப்பட்டு, 2019 ஏப்ரல் 18 அன்று வெளியானது. ரஷ்யா பரவலாகவும் திட்டமிட்டும் தலையிட்டது. பிரசாரக் குழு ரஷ்யாவோடு சதி செய்ததாக நிறுவ முடியவில்லை. விசாரணையைத் தடுத்ததாக எழுந்த புகாரில் அதிபர் குற்றம் செய்தார் என்று முடிவுகட்டவில்லை, அவரைக் குற்றமற்றவர் என்று விடுவிக்கவும் இல்லை. மூன்றும் சேர்ந்ததே அறிக்கை. டிரம்ப் தரப்பு இரண்டாவதை மட்டும் உரக்கச் சொன்னது. எதிர்த்தரப்பு மூன்றாவதைப் பிடித்துக்கொண்டது. ஒரு நாட்டின் தேர்தலில் வெளிநாடு புகுந்தது என்ற முதல் முடிவு, இரு கட்சியையும் உலுக்கியிருக்க வேண்டியது. அது ஓரத்துக்குப் போனது.

கை சுத்தமான கட்சி இல்லை

விசாரணையை ஆயுதமாக்கியதில் குடியரசுக் கட்சிக்கும் நீண்ட வரலாறு உண்டு. லிபியாவின் பெங்காசியில் 2012-இல் அமெரிக்கத் தூதர் உள்பட நான்கு பேர் கொல்லப்பட்டது, விசாரித்தே ஆக வேண்டிய துயரம். அதற்காக 2014-இல் அமைந்த சிறப்புக் குழுவால், தாக்குதலின்போது வெளியுறவு அமைச்சராக இருந்த ஹிலாரியின் செல்வாக்கு சரிந்தது என்று, 2015-இல் அக்கட்சியின் மூத்த தலைவர் கெவின் மெக்கார்த்தியே தொலைக்காட்சியில் பெருமைப்பட்டார். அந்தப் பேச்சின் சூட்டில் அவைத் தலைவர் போட்டியிலிருந்து அவர் விலக நேர்ந்தது. உயிரிழந்தவர்களின் குடும்பங்களுக்குக் கிடைக்க வேண்டிய நேர்மையான பதில், தேர்தல் கணக்கில் கரைந்தது.

ஜனநாயகக் கட்சிக்கும் கணக்கு உண்டு. இப்போதுள்ள காப்பீடு பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒபாமா திரும்பத் திரும்ப வாக்குறுதி அளித்தார். 2013-இல் லட்சக்கணக்கானவர்களுக்குக் காப்பீடு ரத்து என்ற கடிதம் வந்தது. ஒபாமா பின்னர் வருத்தம் தெரிவித்தார். சட்டத்தைக் காப்பாற்றும் அவசரத்தில் அதன் விலையை மறைத்துப் பேசியதால், நல்ல சட்டத்தின் மீதும் மக்களின் நம்பிக்கை தேய்ந்தது.

கேள்வியைத் தனியாகக் கேட்டபோது

கட்சிப் பெயரை ஒதுக்கிவிட்டுக் கேட்டால் மக்கள் எப்படிப் பதில் சொல்வார்கள்? இதற்குச் சான்று இருக்கிறது. மெடிகெய்ட்டை விரிவாக்கலாமா என்று மட்டும் கேட்டு, 2018 நவம்பரில் ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா மாநிலங்களில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மூன்றும் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். மூன்றிலும் ‘ஆம்’ வென்றது. 2020-இல் ஓக்லஹோமாவும் மிசோரியும் அதே வழியில் வாக்களித்தன. தங்கள் கட்சி ஆண்டுக்கணக்கில் எதிர்த்த சட்டத்தின் முக்கியமான பகுதியை, அந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர்களில் பலரே ஏற்றுக்கொண்டார்கள்.

அதே 2018 நாடாளுமன்றத் தேர்தலில், வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் எடுத்த கணிப்பில் பத்தில் நான்கு பேர் மருத்துவமே முதல் பிரச்சினை என்றார்கள். தொலைக்காட்சி விவாதங்கள் முல்லரைச் சுற்றிக்கொண்டிருந்தாலும், ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் பலர் காப்பீட்டைப் பற்றிப் பேசியே பிரதிநிதிகள் சபையை வென்றார்கள்.

மீண்டும் அதே பின்னல்

நீதித் துறை ரத்துசெய்யச் சொன்ன சட்டம், 2021 ஜூன் 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் 7–2 என்ற கணக்கில் பிழைத்தது. வழக்குத் தொடுத்தவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்றார்கள் நீதிபதிகள். ஆனால், பின்னல் அவிழவில்லை. கொரோனா காலத்தில் உயர்த்தப்பட்ட பிரீமிய மானியம் 2025 இறுதியில் முடிவதாக இருந்தது. அதை நீட்டிக்க ஜனநாயகக் கட்சி வலியுறுத்த, முதலில் அரசைத் திறப்போம் என்று குடியரசுக் கட்சி சொல்ல, அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் கூட்டாட்சி அரசு முடங்கியது.

பாலியல் குற்றவாளி ஜெஃப்ரி எப்ஸ்டீன் தொடர்பான அரசுக் கோப்புகளை வெளியிட வாக்கெடுப்பு கோரும் மனுவும் அதே நாட்களில் ஒரேயொரு கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்தக் கையெழுத்தைத் தடுக்கவே புதிய உறுப்பினரின் பதவியேற்பு தள்ளிப்போடப்பட்டது என்றது ஜனநாயகக் கட்சி. அவை கூடியதும் நடக்கும் என்றார் அவைத் தலைவர் மைக் ஜான்சன். நவம்பர் 12 அன்று அந்தப் புதிய உறுப்பினர் பதவியேற்றுக் கையெழுத்திட்டார். அன்றே முடக்கமும் முடிந்தது. கோப்புகளை வெளியிடும் மசோதா 427–1 என்று நிறைவேறியது. மானியம் நீட்டிக்கப்படாமலேயே ஆண்டு முடிந்தது.

எதை வைத்து அளப்பது?

விசாரணைச் செய்தி வரும்போது கேட்க வேண்டியவை இவை: விசாரிப்பவரை நியமித்தது யார், அவரை நீக்கும் அதிகாரம் யாரிடம், முழு ஆவணம் வெளியாகிறதா, விசாரிக்கப்படுபவர் நம் கட்சிக்காரராக இருந்தாலும் இதே நடைமுறையை ஏற்போமா? மருத்துவ மசோதா வரும்போது கேட்க வேண்டியவை வேறு: எத்தனை பேருக்குக் காப்பீடு கூடும் அல்லது குறையும், செலவு யார் தலையில், நோயாளியை மறுக்கும் உரிமை நிறுவனத்துக்குத் திரும்புகிறதா, மதிப்பீடு வருவதற்கு முன்பே வாக்கெடுப்பா? ஒரு பட்டியலின் பதிலைக் கொண்டு மற்றதை நிரப்பக் கூடாது.

இது நடக்காத காரியம் என்று சோர வேண்டியதில்லை. முல்லரை நியமித்த ராட் ரோசன்ஸ்டைன், டிரம்ப் அமர்த்திய துணை அட்டர்னி ஜெனரல். 2017 ஜூலை 28 அதிகாலையில் செனட்டில் 49–51 என்று ஒபாமாகேருக்கு எதிரான மசோதாவைத் தோற்கடித்த மூன்று முக்கிய வாக்குகள், சூசன் காலின்ஸ், லிசா மர்கோவ்ஸ்கி, ஜான் மெக்கெய்ன் ஆகிய ஆளுங்கட்சி செனட்டர்களுடையவை. மெக்கெய்ன் ஒபாமாகேரை ஆதரித்தவர் அல்லர். பொது விசாரணையும் இருகட்சிப் பேச்சும் இல்லாமல் இத்தனை பேரின் காப்பீட்டில் கைவைப்பதையே அவர் எதிர்த்தார். தங்கள் கட்சிக்கு நட்டம் என்று தெரிந்தும், பிரச்சினையை அதற்குரிய கோலால் அளந்தவர்கள் இவர்கள். வாக்காளர்கள் அப்படிப்பட்டவர்களை அடுத்த தேர்தலில் தண்டிக்காமல் இருந்தால்தான், இன்னும் பலருக்கு அந்தத் துணிவு வரும்.