வரிசையில் கடைசி, சிகிச்சையில் முதல்: கால்நடை மருந்தகத்தில் முன்னுரிமை எப்படி?

குடற்புழு நீக்க மருந்துக்காக ஆடுகள், சினை ஊசிக்காக ஒரு பசு, காலில் காயத்துடன் ஒரு நாய். கிராமப்புறக் கால்நடை மருந்தகங்களில் காலை வரிசை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதன் கடைசியில், இடப்புற வயிறு உப்பி மூச்சு வாங்கும் எருமை ஒன்று வந்து நின்றால், அதுவே முதலில் உள்ளே செல்ல வேண்டும். மருத்துவர் வேறு சிகிச்சையில் இருக்கும்போது இதைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பு உதவியாளருடையது.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, சிகிச்சை அளிக்கும் உரிமை பதிவு பெற்ற மருத்துவருக்கே உண்டு. உரிய சான்றிதழ் பெற்ற உதவியாளர்கள், மாநில அரசின் அனுமதியுடன், மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்ற முதல்நிலைப் பணிகளைச் செய்யலாம். நோயின் பெயரை மருத்துவர் சொல்வார்; அவசரத்தை உதவியாளர் உணர்ந்தால் போதும்.

வயிறு உப்புசத்தில் வெளியேற முடியாத வாயு நுரையீரலை நெருக்குவதால், சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடும். மூச்சுத்திணறல், நிற்காத ரத்தப்போக்கு, ஈன முடியாமல் தவித்தல், பாம்புக்கடி ஆகியவையும் காத்திருக்க இயலாதவை.

சத்தமிடும் விலங்கே கவனத்தை ஈர்க்கும். ஆபத்து பல நேரங்களில் அமைதியாக இருக்கும். கன்று ஈன்ற ஓரிரு நாளில், காதுகள் குளிர்ந்து, கழுத்தை விலாப்புறம் மடித்துப் படுத்துவிடும் கறவைப் பசுவுக்குக் கடுமையான கால்சியம் குறைபாடு இருக்கலாம். தாமதித்தால் அது நினைவிழக்கும்.

சினை ஊசிக்கு வந்த பசு சில மணி நேரம் பொறுக்கும். காலையில் சினை அறிகுறி தெரிந்தால் மாலையில் ஊசி போடுவதே வழக்கம். ஆனால் அதை மறந்துவிட்டால், அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாட்கள் காத்திருக்க நேரிடும். பால் வருமானத்தை நம்பும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பன்று.

எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டின் தொண்டையில் ஏதோ சிக்கியிருப்பதாக எண்ணி வாய்க்குள் கைவிடுவது பரவலான பழக்கம். அது வெறிநோயாகவும் இருக்கலாம். அத்தகைய விலங்கைத் தனியே கட்டி, மக்களை விலக்கி நிறுத்துவது மற்ற எல்லாப் பணிகளுக்கும் முந்தியது. எச்சில் பட்டவர்கள் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நடக்க இயலாத கால்நடைகளுக்கு, நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். அழைக்கும்போது விலங்கு நிற்கிறதா, மூச்சு எப்படி உள்ளது, எப்போது ஈன்றது என்ற மூன்றையும் சொன்னால், எந்த ஊருக்கு முதலில் செல்வது என்று முடிவெடுப்பது எளிதாகும்.