ஒரே மூச்சிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

2020 ஏப்ரலில் மைசெஜாத்ரா செயலி வந்தபோது அதில் பெரிதாக ஒன்றுமில்லை. உடல்நிலை பற்றிச் சில கேள்விகள், அருகிலுள்ள மருத்துவமனை விவரம், அவ்வளவுதான். கடை வாசலில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும் வசதி பிறகு வந்தது. 2021 பிப்ரவரியில் தடுப்பூசிக்கான பதிவு தொடங்கியது. கைப்பேசி இல்லாத தாத்தா, பாட்டியைப் பிள்ளைகள் தங்கள் செயலியிலேயே சேர்த்துவிடலாம் என்றானது. அப்புறம் சான்றிதழ் வந்தது. இன்று அரசாங்கக் கிளினிக்கில் நேரம் குறிக்கவும் அதையே திறக்கிறோம்.

இவை அத்தனையையும் முதல் நாளே முடித்துத்தான் வெளியிடுவோம் என்று உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2020 ஏப்ரலில் தடுப்பூசியே கிடையாது. எந்த ஊசி வரும், எத்தனை தவணை என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் பதிவுப் பக்கத்தை எப்படி வடிவமைப்பது?

மென்பொருள் துறையில் இதைச் சுழற்சி முறை என்கிறார்கள். கொஞ்சம் கட்டுவது, பயன்படுத்துபவர் கையில் கொடுப்பது, குறை கேட்பது, திருத்துவது, அடுத்த துண்டுக்குப் போவது. ஒரு சுற்று பெரும்பாலும் இரண்டு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம். இதற்கு நேர் எதிரானது அருவி முறை. தேவைகளை எல்லாம் முதலிலேயே எழுதி முடித்து, பிறகு வடிவமைப்பு, பிறகு நிரல், கடைசியில் சோதனை. அருவியில் விழுந்த தண்ணீர் மேலே ஏறாது என்பதால் அந்தப் பெயர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அருவி முறைக்கு மூலம் என்று எல்லாரும் காட்டும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, இப்படி நேர்கோட்டில் போவது ஆபத்தானது என்று அவர் எழுதியிருக்கிறார். படத்தை மட்டும் பார்த்தவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை போலும். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி 'அஜைல்' அறிக்கையை வெளியிட்ட பிறகுதான் சுழற்சி முறைக்கு மவுசு வந்தது.

அப்படியானால் எதையும் அரைகுறையாக வெளியிட்டுவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா? இங்கேதான் பாடு நினைவுக்கு வருகிறது. உதவித்தொகையும் மானியமும் உரியவருக்கே சேர வேண்டும் என்று 2024 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கப்பட்ட முதன்மைத் தரவுத் தளம் அது. தொடங்கிய ஓரிரு நாளிலேயே புகார் கிளம்பியது. ஒருவருடைய அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் போதும், அவர் பெயரில் இன்னொருவர் பதிவு செய்துவிட முடிகிறது என்றார்கள். கடவுச்சொல் தொடர்பான ஓட்டை ஒன்றையும் கணினித் துறையினர் சுட்டிக்காட்டினார்கள். அது விரைவிலேயே அடைக்கப்பட்டது. விரைந்து திருத்தியதைப் பாராட்டலாம். ஆனால் நம் சம்பளம், குடும்பம், கடன் விவரமெல்லாம் போகும் இடத்தில் பூட்டை இரண்டாவது சுற்றில் மாட்டுவோம் என்பது சரியல்ல.

உம்பாய்க்கு ஈக்கான் பாக்கார் சாப்பிடப் போகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். மீனை நாமே தேர்ந்தெடுக்கிறோம், நிறுக்கிறார்கள், விலை சொல்கிறார்கள். அதுவரை மனசு மாறலாம். அடுப்பில் ஏறிய பிறகு மாற்ற முடியாது. சம்பல் போதவில்லை என்றால் மட்டும் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கலாம். மென்பொருளிலும் சம்பல் போன்ற வேலைகள் உண்டு: பக்கத்தின் தோற்றம், பொத்தான் இருக்கும் இடம், மொழி, அறிக்கையின் வடிவம். இவற்றைச் சுற்றுக்குச் சுற்று மாற்றலாம். அந்தரங்கத் தகவலின் பாதுகாப்பும் பணக் கணக்கும் அடுப்பில் ஏறிய மீன்.

இது புத்ராஜெயாவின் கவலை மட்டுமல்ல. மலாக்காவில் ஒரு கோயில் நிர்வாகமோ, கூட்டுறவுக் கழகமோ, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ உறுப்பினர் பதிவுக்கும் நன்கொடைக் கணக்கிற்கும் மென்பொருள் செய்யச் சொல்லலாம். பாதிப் பணம் முன்பணமாகப் போகும். ஆறு மாதம் கழித்து வருவதைப் பார்த்தால், ரசீது போடும் அம்மாவுக்கு எழுத்தே தெரியவில்லை, தமிழில் பெயர் ஏறவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியதைத்தான் செய்தோம் என்பார் செய்தவர். அவர் சொல்வதும் பொய்யில்லை.

அதனால் பேசும்போதே கேளுங்கள்: "முதல் இரண்டு வாரத்தில் எதை ஓட்டிக் காட்டுவீங்க தம்பி?" படம் வரைந்து காட்டுவது போதாது. உண்மையாக ஒரு நன்கொடையைப் பதிந்து ஒரு ரசீது வெளிவர வேண்டும். அதை நிர்வாகத் தலைவர் பார்த்தால் போதாது, கவுண்டரில் உட்காரும் அம்மா பார்க்க வேண்டும். பணத்தையும் சுற்றுக்குச் சுற்று பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் குறை சொல்ல உங்கள் பக்கம் ஒருவர் நேரம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் வேலை கெடுகிறது. அப்படி ஆள் இல்லையென்றால் சுழற்சி முறை வேண்டாம், கடையில் கிடைக்கும் ஆயத்த மென்பொருளை வாங்கிவிடுவது மலிவு.

இன்னொன்று. நிரலும், தளத்தின் கடவுச்சொல்லும், உறுப்பினர் தரவும் யார் கையில் இருக்கும் என்பதை முதல் சுற்றுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.