வலிக்காத புண்ணைத் தேடுங்கள்

விழுப்புரத்திற்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள பனமலை, இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்து செஞ்சிக் கோட்டை வரை பாறைக் குன்றுகளும், முட்புதர்களும், அவற்றை ஒட்டிய ஏரிக்கரைகளும் வயல்களுமாக நிலம் விரிந்து கிடக்கிறது. மழை பெய்ததும் குன்றடிகள் பசுமை பூணும். ஆடு மேய்ப்போர்க்கும், புல் அறுப்போர்க்கும், விறகு பொறுக்குவோர்க்கும் அப்புதர்களே பிழைப்பைத் தருகின்றன. உண்ணிக் காய்ச்சல் குடிகொள்வதும் இத்தகைய புதர்களில்தான்.

எந்த உண்ணி?

உண்ணி என்றதும் மாட்டின் மடியிலும் நாயின் காதிலும் ஒட்டிக்கொண்டிருப்பதையே நாம் நினைக்கிறோம். 'ஸ்கிரப் டைபஸ்' என்று மருத்துவர் கூறும் இக்காய்ச்சலைப் பரப்புவது அதுவன்று. மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சே இதற்குக் காரணம். ஆறு கால்களை உடைய இக்குஞ்சு கண்ணுக்கு எளிதில் புலப்படாத அளவு சிறியது. புல் நுனியில் ஏறி நின்று, அவ்வழியே வரும் எலியையோ மூஞ்சூறையோ பற்றிக்கொள்ளும். மனிதர் வந்தால் அவரையும் விடாது.

இக்குஞ்சு தன் வாழ்நாளில் பொதுவாக ஒரு முறைதான் பிற உயிரின் உடலில் ஒட்டி உணவு கொள்கிறது. பின்னர் மண்ணில் விழுந்து வளர்ந்துவிடும். அவ்வாறாயின் நோய்க்கிருமி அதனிடம் எப்படி வந்தது? தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியே வந்தது. இவ்வாறு கிருமி தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதால், ஒருமுறை இடம்பிடித்த புதரை விட்டு அது எளிதில் நீங்குவதில்லை.

இரண்டாம் உலகப் போரில் அசாம், பர்மா எல்லைக் காடுகளில் போரிட்ட படையினரை இந்நோய் பெரிதும் வாட்டியது. நம் நாட்டுப்புறங்களும் இதற்கு விலக்கல்ல. தமிழகத்தில் 37 கிராமங்களில் 30,000க்கும் மேற்பட்ட மக்களைக் கண்காணித்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அறிஞர்களும் பிறரும் நடத்திய ஆய்வு 2025இல் வெளியாயிற்று. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய காய்ச்சல்களுக்கு இந்நோய் ஒரு முக்கியக் காரணம் என்பதை அது காட்டியது. மழைக்காலத்திலும் அதைத் தொடரும் பனிக்காலத்திலும் நோய் மிகுகிறது.

உடல் காட்டும் அடையாளம்

கடித்தது தெரியாது, அரிப்பும் பெரிதாக இராது. பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். கடித்த இடத்தில், பீடி நெருப்புச் சுட்டாற்போல், கறுத்த பொருக்குடன் சிறு புண் ஒன்று பலருக்குக் காணப்படும். அது வலிப்பதில்லை. ஆதலால் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

அப்புண் அமையும் இடங்களும் மறைவானவை: அக்குள், இடுப்பில் ஆடை இறுகும் பகுதி, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி. நம் பெண்கள் அதை மருத்துவரிடம் காட்டக் கூசுகின்றனர். வீட்டில் கூடச் சொல்வதில்லை. பல நாள் காய்ச்சலோடு வயல் வேலையும் அடுப்படி வேலையும் பார்த்துவிட்டு, மூச்சுத் திணறல் வந்த பின்னரே மருத்துவமனைக்குச் செல்லும் நிலை நேர்கிறது. அதற்குள் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். கூச்சத்திற்காக உயிரை விலை கொடுக்கலாமா?

தொடக்கத்திலேயே கண்டறிந்தால் 'டாக்ஸிசைக்ளின்' என்னும் மலிவான மாத்திரையே நோயைத் தீர்க்கும். கர்ப்பிணிகளுக்கு 'அசித்ரோமைசின்' தருவர். பெனிசிலின் வகை மருந்துகள் இதற்குப் பயன்படா. எனவே கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மாத்திரையை விழுங்கிக் காத்திருப்பது ஆபத்து. மருத்துவரிடம், "புதர்ப் பக்கம் போனேன், இங்கே ஒரு கறுப்புப் புண் இருக்கிறது" என்று நாமே சொல்லிவிட வேண்டும். அவ்விரு சொற்றொடர்கள் நோயறிதலைப் பாதி முடித்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தீராத நிலையில் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.

வருமுன் காத்தல்

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை. ஆகவே பழக்கமே நமக்குக் காவல். வீட்டைச் சுற்றிப் புதர் மண்ட விடாதீர்கள். எலிக்கு இடந்தரும் விறகுக் குவியலையும் குப்பையையும் அகற்றுங்கள். புதருக்குச் செல்லும்போது முழுக்கைச் சட்டையும் காலை மூடும் ஆடையும் அணியுங்கள். புல்தரையில் வெறுமனே படுப்பதையும், துணிகளைப் புதர்மேல் உலர்த்துவதையும் தவிருங்கள். வீடு திரும்பியதும் சோப்புத் தேய்த்துக் குளித்து, உடுத்திய துணியைத் துவைத்துவிடுங்கள். காலைக் கடனுக்குப் புதர்மறைவை நாடாமல் கழிப்பறையைப் பயன்படுத்துவதும் இந்நோய்க்கு ஒரு தடுப்பே.

மாட்டு உண்ணியையும் அலட்சியம் செய்தல் ஆகாது. 1957இல் கருநாடகத்தின் சிமோகா மாவட்டக் காட்டில் குரங்குகள் மடிந்து, மனிதரையும் தாக்கிய கியாசனூர் காட்டுக் காய்ச்சலைப் பரப்பியது காட்டு உண்ணியே. தொழுவத்தின் சுவர் வெடிப்புகளில் உண்ணிகள் முட்டையிடும். அவற்றைப் பூசி அடையுங்கள். கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். உண்ணியை வெறுங்கையால் நசுக்க வேண்டாம். மனிதர் உடலில் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றவோ சூடு வைக்கவோ கூடாது; இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, அவ்விடத்தைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

பனமலையின் புதர்களை நாம் வெறுக்க வேண்டியதில்லை. அவை நம் ஆடுகளுக்குத் தீனி. ஆனால் இம்மழைக்காலத்தில் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் கண்டால், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதோடு நில்லாமல், உடல் முழுவதையும் பாருங்கள். தாய்க்கு மகளும், கணவனுக்கு மனைவியும், முதியோர்க்குப் பேரப்பிள்ளைகளும் இவ்வுதவியைச் செய்யலாம். வலிக்காத அந்தச் சிறு புண்ணை உரிய நேரத்தில் கண்டுவிட்டால் ஓர் உயிரைக் காத்தவர்களாவோம்.