ஒரே ஒரு மெடல் கூடுதலா குத்தினா என்ன ஆகும்? பட்டாளத்தில் அது சின்ன விஷயம் இல்லை!

மாசிக் கொடை சமயத்தில் மண்டைக்காடு போயிருக்கீங்களா? பகவதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், கடற்கரை வரைக்கும் திருவிழாக் கடைகள். பொம்மைத் துப்பாக்கி, பட்டாளத் தொப்பி, நெஞ்சில் குத்திக்கொள்ள பளபளவென ஒரு தகர மெடல். நாலு வயசுப் பையன் அதை மாட்டிக்கிட்டு சல்யூட் அடித்தால் எல்லாருக்கும் சிரிப்புதான்.

இதையே நிஜமான பட்டாளக்காரர் ஒருவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸில் இருக்கிறார். ஏற்கெனவே அவருக்கு நாலு மெடல் இருக்கு. ஐந்தாவதாக, தனக்குத் தராத ஒன்றையும் சேர்த்துக் குத்திக்கொள்கிறார். அவர் யாரிடமும் காசு பறிக்கவில்லை, யாரையும் அடிக்கவும் இல்லை. ஆனால், சட்டப்படி அவர் ஜெயிலுக்கே போகலாம்.

'ஒரு துண்டு உலோகத்துக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?' என்று கேட்கத் தோணுதா? அதற்கு முதலில் அந்த மெடல் வரிசையை எப்படிப் படிப்பது என்று தெரிஞ்சுக்கணும்.

எட்டு மெடல் என்றால் எட்டு போரா?

குமரி மாவட்டத்துக்காரர் என்றால், உங்க தெருவிலோ சொந்தத்திலோ ஒரு முன்னாள் பட்டாளக்காரர் நிச்சயம் இருப்பார். குடியரசு தினத்தன்று கோட்டின் இடது பக்கம் வரிசையாக மெடல் குத்தி வருவார். பார்க்கிறவர்கள், 'தாத்தா எத்தனை பேரைச் சுட்டாரோ!' என்று நினைப்பார்கள்.

உண்மையில் அந்த வரிசையில் பெரும்பாலானவை சேவைப் பதக்கங்கள். 9, 20, 30 ஆண்டுகள் பணியை முடித்ததற்குத் தனித்தனி மெடல் உண்டு. உயரமான மலைப் பகுதியில் வேலை பார்த்ததற்கு ஒன்று, சியாச்சினில் நின்றதற்கு ஒன்று. சுதந்திரப் பொன்விழாவான 1997 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்கும் ஒரு மெடல் தரப்பட்டது. எதிரியோடு நடந்த சண்டையில் காயம்பட்டவர்களுக்குத் தருவது 'பராக்ரம் பதக்'.

வீரதீர விருதுகள் தனி ரகம். போர்க்களத்துக்கு பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. போர் இல்லாத சூழலில் காட்டும் வீரத்துக்கு அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. 'அமரன்' படம் பார்த்தவர்களுக்கு மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக் சக்ரா ஞாபகம் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி, 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிரிழந்தார். அவருக்குக் கிடைத்தது வீர் சக்ரா. பரம் வீர் சக்ராவை இதுவரை வாங்கியவர்கள் 21 பேர்தான். அதில் 14 பேருக்கு அது கிடைத்தது, அவர்கள் இறந்த பிறகு.

அதாவது, மார்பில் இருக்கும் ஒவ்வொரு ரிப்பனும் ஒரு வாக்கியம். 'நான் இங்கே நின்றேன்', 'நான் இத்தனை வருஷம் இருந்தேன்', 'எனக்குக் குண்டடி பட்டது' என்று அது சொல்லும். யூனிஃபார்மில் இருக்கும் இன்னொருவர், வாய் திறந்து கேட்காமலேயே அதைப் படித்துவிடுவார்.

மெடல் இருப்பது பதிவேட்டில்!

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். 'அவர் போட்டிருக்கிறது கடையில் வாங்கின மெடல். அப்போ போலிதானே?' என்று கேட்பார்கள். அவசரப்படாதீங்க.

ராணுவக் குடியிருப்புகளைச் சுற்றியுள்ள கடைகளில் மெடல், ரிப்பன் எல்லாம் கிடைக்கும். ஒரிஜினல் வந்து சேர வருஷக்கணக்கில் தாமதமானதால், தங்களுக்கு உரிமையான மெடலின் நகலைக் கடையில் வாங்கிக் குத்திக்கொண்ட வீரர்கள் ஏராளம். ஒரிஜினலைப் பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு நகலைப் போடுகிறவர்களும் உண்டு.

ஆக, உலோகம் எங்கிருந்து வந்தது என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்த மெடலுக்கான உரிமை அவர் பெயரில் பதிவாகி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சேவைப் பதக்கம் என்றால் அவரது சர்வீஸ் ரெக்கார்டில் ஏறியிருக்கும். ஓய்வு பெறும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் மெடல் விவரம் இருக்கும். வீரதீர விருது என்றால், நேரில் பார்த்தவர்களின் சாட்சியத்தோடு யூனிட்டிலிருந்து பரிந்துரை கிளம்பும். ஒவ்வொரு மேலதிகாரியின் மேசையாகத் தாண்டி, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அரசிதழில் வெளியாகும்.

கடையில் வாங்கிய நகல் உண்மையான மெடலாக இருக்கலாம். அசல் மெடலே இன்னொருவர் மார்பில் பொய்யாகவும் இருக்கலாம்.

சர்வீஸில் இருப்பவர் செய்தால் என்ன தண்டனை?

1950-ம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் 'சம்பாதிக்காத மெடலை அணிவது' என்று தனியாக ஒரு பிரிவு கிடையாது. ஆனால், தப்பிக்க வழியும் கிடையாது.

* பிரிவு 63: ஒழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் கேடு தரும் எந்தச் செயலும் இதில் வரும். ராணுவ நீதிமன்றத்தில் நிரூபணமானால் 7 ஆண்டு வரை சிறை.

* பிரிவு 45: அதிகாரிகளுக்கும் ஜே.சி.ஓ-க்களுக்கும் உரியது. பதவிக்குத் தகாத நடத்தை என்று தீர்ப்பானால் வேலையே போகும்.

* பிரிவு 57: மெடலுக்காக ஆவணத்திலும் கை வைத்திருந்தால் விஷயம் பெரிசாகிவிடும். பொய் ஆவணத்துக்கு 14 ஆண்டு வரை சிறை.

இதெல்லாம் உச்சபட்ச அளவு. சிப்பாய் ஒருவர் கல்யாண வீட்டில் பந்தாவுக்காக ஒரு ரிப்பனைச் சேர்த்துக்கொண்டார் என்றால், நேராக 7 வருஷம் போட்டுவிட மாட்டார்கள். கமாண்டிங் ஆபீசரே விசாரித்து, 28 நாள் காவல் வரை தண்டனை தர சட்டம் இடம் கொடுக்கிறது. எந்த மெடல், எதற்காகப் போட்டார், அதனால் என்ன லாபம் அடைந்தார் என்பதைப் பொறுத்துத்தான் தண்டனை.

இன்னொரு சுவாரஸ்யமான விஷயம். பிரிவு 54-ன்படி, தனக்கே கிடைத்த மெடலைக்கூட ஒருவர் விற்கவோ, அடகு வைக்கவோ, சிதைக்கவோ கூடாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை. வீரதீர விருதை ரத்து செய்யும் அதிகாரமும் குடியரசுத் தலைவருக்கு உண்டு.

கெச்சப் ரத்தமும் சியாச்சின் வீடியோவும்

மெடலைத் திருட்டுத்தனமாகக் குத்திக்கொள்வதைவிட மோசமான ஒன்று இருக்கு. மெடலுக்காகச் சண்டையையே ஜோடிப்பது. 2003-ல் இந்திய ராணுவத்தை அதிர வைத்த இரண்டு சம்பவங்கள் அப்படிப்பட்டவை.

ஒன்று, அசாமின் கச்சார் பகுதியில் நடந்தது. பொதுமக்கள் சிலரைத் தரையில் படுக்க வைத்து, தக்காளி கெச்சப்பை ரத்தம் மாதிரி ஊற்றி, 'சுட்டுக் கொல்லப்பட்ட தீவிரவாதிகள்' என்று போட்டோ எடுத்தார்கள். வழக்கில் சிக்கிய கர்னல், மேலதிகாரி சொல்லித்தான் செய்தேன் என்றார். ஊடகங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கெச்சப் கர்னல்'.

இன்னொன்று சியாச்சினில். எதிரி வீரர்களைக் கொன்றதாக வீடியோவே ஜோடித்த ஒரு மேஜர் மாட்டிக்கொண்டார். இருவரையுமே ராணுவ நீதிமன்றம் விசாரித்து, பணிநீக்கம் செய்து தீர்ப்பளித்தது.

இப்போ யோசிச்சுப் பாருங்க. ஒரு போலி வீடியோ நம்பப்பட்டிருந்தால், அதே பனிமலையில் நிஜமாகவே உயிரைக் கொடுத்தவரின் கதையையும் யாராவது ஒருநாள் சந்தேகத்தோடுதானே பார்ப்பார்கள்? நஷ்டம் அங்கேதான் விழுகிறது.

அங்கிளுக்கு ஒரு சட்டம், சிப்பாய்க்கு ஒரு சட்டமா?

ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவு, ராணுவ உடை, அடையாளம் பற்றிப் பேசுகிறது. பட்டாளக்காரர் அல்லாத ஒருவர், 'நான் பட்டாளக்காரன்' என்று மற்றவர்களை நம்பவைக்கும் எண்ணத்தோடு அவற்றைப் போட்டால் குற்றம். தண்டனை 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

'நம்பவைக்கும் எண்ணம்' என்பதுதான் இங்கே முக்கியம். அதனால்தான் ஸ்கூல் நாடகத்தில் பட்டாளக்காரராக நடிக்கிற பையனும், சினிமா ஹீரோவும், திருவிழாவில் தகர மெடல் குத்திய குட்டிப் பையனும் குற்றவாளிகள் இல்லை.

ஓய்வு பெற்ற ஒருவர் கூடுதல் மெடல் குத்தினால்? இங்கே சட்டத்தில் ஒரு சந்து இருக்கு. சர்வீஸை விட்டு வந்த பிறகு செய்யும் காரியத்துக்குப் பொதுவாக ராணுவச் சட்டம் பாயாது. 168-வது பிரிவோ பட்டாளக்காரர் வேஷம் போடுகிறவரைக் குறிவைத்து எழுதப்பட்டது. இவர் நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தவர். அந்தப் பொய்யை வைத்துப் பணமோ சலுகையோ வாங்கியிருந்தால் மோசடி வழக்கு போடலாம். அதற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. வெறும் பந்தா என்றால் அவரைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் ஊரும் சக பட்டாளக்காரர்களும்தான்.

பணம் சும்மா இல்லை. 2017-ல் உயர்த்தப்பட்டபடி பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000 ரூபாய் படி உண்டு.

அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். சேவியர் ஆல்வரெஸ் என்பவர், நாட்டின் மிக உயர்ந்த வீர விருது தனக்குக் கிடைத்ததாக ஒரு பொதுக் கூட்டத்தில் பொய் சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2012-ல் நீதிமன்றம், 'வெறும் பொய்யைத் தண்டிப்பது பேச்சுரிமைக்கு எதிரானது' என்று அந்தச் சட்டத்தையே ரத்து செய்தது. அடுத்த ஆண்டே, ஆதாயம் தேடும் நோக்கத்தோடு பொய் சொன்னால் மட்டும் குற்றம் என்று புதுச் சட்டம் வந்தது. ஆனால் பணியில் இருக்கும் சிப்பாய்க்கு அந்தச் சலுகை இல்லை. உரிமை இல்லாத மெடலை அணிவது அவர்களின் ராணுவச் சட்டத்தில் தனிக் குற்றம்.

ஏன் இந்த வித்தியாசம்? சிவிலியன் ஒருவர் சொல்லும் பொய்யில் ஏமாறுவது பார்க்கிற நாலு பேர். சிப்பாயின் பொய்யை நம்புவது, நாளைக்கு அவர் பக்கத்தில் நின்று சண்டை போடப் போகிறவர். 'இவர் ஏற்கெனவே குண்டுமழையைப் பார்த்தவர்' என்று நம்பி அவர் பின்னால் போகிறவரின் உயிர் அந்த ரிப்பனில் தொங்குகிறது.

மண்டைக்காட்டுப் பக்கத்திலேயே இதற்கு ஒரு நல்ல சாட்சி நிற்கிறது. 1741-ல் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்ததன் நினைவாகக் குளச்சலில் உள்ள வெற்றித் தூண். பழைய திருவிதாங்கூர் படையின் வழிவந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 9-வது பட்டாலியன், அந்த வெற்றியை இன்றைக்கும் தன் பெருமையாகக் கொண்டாடுகிறது. இத்தனை தலைமுறை கடந்தும், அந்தப் பெருமை யாருடையது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பட்டாளத்தில் மரியாதை அப்படித்தான் கைமாறும். கணக்கு சரியாக இருக்கும்வரைதான் அதற்கு மதிப்பு.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

* தாத்தாவின் மெடலைப் போட்டு ரீல்ஸ் எடுக்கலாமா? காலமான உறவினரின் மெடலை நினைவு அஞ்சலி நிகழ்ச்சிகளில் குடும்பத்தினர் வலது மார்பில் அணிவது மரபு. இடது மார்பு, சம்பாதித்தவருக்கு மட்டும். ரீல்ஸில் 'இது என் தாத்தாவுடையது' என்று சொல்லிவிட்டுக் கையில் வைத்துக் காட்டுங்கள். அழகாகவே இருக்கும்.

* ஒருவர் மேல் சந்தேகம் வந்தால்? வீரதீர விருது பெற்றவர்களின் பட்டியலைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'கேலன்ட்ரி அவார்ட்ஸ்' இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். மற்ற சந்தேகங்களை நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்லுங்கள்.

* மொபைலைத் தூக்கிக்கிட்டுப் போய் மறித்து வீடியோ எடுக்காதீங்க. எதிரில் நிற்பவர், தனக்கு உரிய மெடலின் நகலைப் போட்ட நிஜ வீரராக இருக்கலாம். தவறாக வைரல் ஆக்கினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் வரும்.

* யூனிஃபார்ம், மெடல் போட்ட டிபி-யைப் பார்த்துப் பணம் அனுப்பாதீங்க. 'ஆர்மியில் இருக்கேன், பைக்கை விக்கிறேன், க்யூ.ஆர் ஸ்கேன் பண்ணுங்க', 'பட்டாளத்தில் வேலை வாங்கித் தரேன்' என்று வருகிறவர்களின் முதல் ஆயுதமே அந்த போட்டோதான். ஏமாந்துவிட்டால் உடனே 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

அப்புறம், அடுத்த முறை மெடல் குத்திய பெரியவர் யாரையாவது பார்த்தால், 'இது எதுக்குக் கிடைச்சது தாத்தா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்க. உரிமையோடு குத்தியவர் ஒவ்வொரு ரிப்பனுக்கும் ஊர், வருஷம், கூட இருந்தவர்கள் பெயர் என்று சொல்லிக்கொண்டே போவார். நேரம் இருந்தால் டீயும் வாங்கித் தருவார்.