நழுவும் நாதம்

வீணையில் மெட்டுகள் உண்டு. கோட்டு வாத்தியத்தில் அவை இல்லை. வழவழப்பான கோல் ஒன்றைத் தந்திகளின்மேல் வைத்து இழுத்தே கலைஞர் அதில் சுரங்களைப் பிறப்பிப்பர். ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்குத் தாவாமல் நழுவிச் செல்வதே அதன் தனியழகு. இவ்வழகை நம் நாட்டார் மட்டுமே கண்டனர் என்று கருதுதல் கூடாது.

அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாய் உழன்ற ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் 'புளூஸ்' என்னும் இசையை வளர்த்தனர். துயரத்தைப் பாடி ஆறுதல் பெறும் பாட்டு அது. பின்னாளில் அதனொடு தேவாலயப் பாடலும் கலந்து 'சோல்' என்னும் இசைவகை பிறந்தது. திருப்புல்லாணியைச் சூழ்ந்த வயல்களில் ஒருத்தி பாட மற்றையோர் ஏற்றுப் பாடும் பாட்டைக் கேட்டவர்க்கு இவற்றின் இயல்பு எளிதில் விளங்கும். மிசிசிப்பி மாநிலத்துப் புகைவண்டி நிலையம் ஒன்றில், கந்தை உடுத்த ஒருவர் கித்தார்த் தந்திகளின்மேல் கத்தியை அழுத்தி வாசிக்கக் கேட்டதாக டபிள்யூ. சி. ஹாண்டி என்னும் இசைப்புலவர் எழுதியுள்ளார். கத்திக்கு மாறாகக் குப்பியின் கழுத்தை விரலில் மாட்டிக்கொள்வாரும் உளர். கருவி வேறாயினும், செயல் நம் கோட்டு வாத்தியக் கலைஞரது செயலே அன்றோ?

இவ்வுறவை மெய்ப்பித்தது 1993ஆம் ஆண்டில் வெளிவந்த 'எ மீட்டிங் பை தி ரிவர்' என்னும் இசைத்தட்டு. 'ஆற்றங்கரையில் ஒரு சந்திப்பு' என்பது அதன் பொருள். புளூஸ் இசையில் தேர்ந்த அமெரிக்கர் ரை கூடரும், ரவிசங்கரின் மாணவராகிய ஜெய்ப்பூர் விசுவமோகன் பட்டும் அதில் இணைந்து வாசித்தனர். பட், கித்தாரில் துணைத்தந்திகளைச் சேர்த்து, 20 தந்திகளுடைய 'மோகன வீணை'யை அமைத்துக்கொண்டவர். இவ்விருவரையும் ஒன்றுசேர்த்தவர் இலங்கையிற் பிறந்த கவிச்சந்திரன் அலெக்சாண்டர். 1992ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கலிபோர்னியாவில் ஒரு சிற்றாலயத்தில் ஒலிப்பதிவு நிகழ்ந்தது. இருவரும் முதன்முதல் சந்தித்து ஒருமணி நேரமும் ஆகவில்லை! சுக்விந்தர் சிங் தபலா வாசித்தார். உங்களை ஒத்த வயதினனான கூடரின் மகனும் ஒரு தாளக்கருவியை முழக்கினான்.

இசைகளைக் கலத்தல் எளிதன்று. பெரும்பாலான கலப்புகள் பாயசத்தில் புளியைக் கரைத்தாற்போல் முடிவதுண்டு. இது அவ்வாறு ஆகாமைக்குக் காரணம் என்ன? காந்தாரத்தையும் நிடாதத்தையும் சற்றே தாழ்த்தி அசைத்தல் புளூஸ் இசையின் மரபு. நம் கமகம் அதற்கு நெருங்கிய உறவு. சுரத்திற்கும் சுரத்திற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் இருவரும் சந்தித்தனர். ஆகவே, எவரும் தம் மரபை விட்டுக்கொடுக்க நேரவில்லை. பட் விரைந்து சுரமழை பொழியுங்கால், கூடர் சில ஒலிகளே எழுப்பி அடியில் நின்று தாங்குகிறார். அவ்வடக்கமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1994ஆம் ஆண்டில் இத்தட்டு கிராமி விருது பெற்றது.

இதில் அடங்கியவை நான்கே பாடல்கள். ஒன்றன் பெயர் கங்கையையும் மிசிசிப்பியையும் ஒருங்கே நினைவூட்டும் 'கேஞ்சஸ் டெல்டா புளூஸ்'. இறுதியாக வரும் 'ஈசா லெய்', பிஜித் தீவினர் பிரிவின்போது பாடும் பாட்டு. பாரதியார் எத்தீவின் கரும்புத் தோட்டங்களை நினைந்து கண்ணீர் வடித்தாரோ, அத்தீவே அது.