'பி'யில் போட்டால் மட்டும் போதுமா?

பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில், சரிவான ஓரிடம் கிடைக்கிறது. அப்பா பிரேக்கை மிதித்து, கியரை 'பி'க்குத் தள்ளி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காலை எடுக்கிறார். கார் இரண்டு விரற்கடை பின்னால் நகர்ந்து 'டக்' என்று நிற்கிறது. அந்த 'டக்' எங்கிருந்து வந்தது என்று யோசித்ததுண்டா?

மாணவர்களே, 'பி' என்பது பிரேக் அன்று. தானியங்கி கியர்ப் பெட்டிக்குள், சக்கரங்களோடு இணைந்து சுழலும் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. 'பி'க்கு மாற்றியதும் ஒரு சிறிய எஃகுக் கொக்கி இறங்கி, அதன் பல்லிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். இடுக்கு நேராக அமையாவிட்டால் கொக்கி பல்லின் மேலேயே காத்திருக்கும். கார் சற்று உருண்டதும் உள்ளே விழும். நீங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான்.

இப்போது ஒரு சிறு கணக்கு. காரின் பொருண்மை 1,200 கிலோகிராம், சரிவு 5 பாகை என்று வைத்துக்கொள்வோம். சரிவின் வழியே காரை இழுக்கும் விசை 1,200 × 9.8 × சைன் 5°, அதாவது ஏறக்குறைய 1,000 நியூட்டன். 100 கிலோ ஆள் ஒருவர் ஓயாமல் தொங்கிக்கொண்டிருப்பதைப் போன்றது. அந்தச் சுமையை நாம் ஒரு தாழ்ப்பாளிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகிறோம்!

அதைச் சுமக்க வேண்டியது ஹேண்ட் பிரேக். அது உராய்வால் சக்கரங்களையே பிடிக்கிறது. ஆகவே வரிசை இப்படி இருக்க வேண்டும்: கால் பிரேக்கை அழுத்தியபடியே கியரை 'என்'னுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். பிறகு காலை மெல்லத் தளர்த்துங்கள். கார் ஹேண்ட் பிரேக்கின் மேல் சாய்ந்து நிற்கும். மறுபடி பிரேக்கை மிதித்து 'பி'க்கு மாற்றி, கடைசியாக இயந்திரத்தை நிறுத்துங்கள். சரியாகச் செய்தோமா என்பது திரும்பக் கிளம்பும்போது தெரியும். சுமை கொக்கியின் மேல் இருந்தால் 'பி'யிலிருந்து கியரை எடுக்கும்போது 'டங்' என்று கார் அதிரும். இல்லையென்றால் சத்தமில்லாமல் வந்துவிடும். (இதை அப்பாவிடம் சொல்லும்போது கொஞ்சம் பணிவாகச் சொல்லுங்கள்.)

கியர் உண்மையிலேயே 'பி'க்குப் போய்விட்டதா என்பது வேறு கேள்வி. 2016 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில், 'ஸ்டார் டிரெக்' படங்களில் நடித்த 27 வயது அன்டன் யெல்சின், சரிவான தம் வீட்டுப் பாதையில் பின்னோக்கி உருண்டு வந்த சொந்தக் காருக்கும் வாயில் தூணுக்கும் இடையில் நசுங்கி இறந்தார். அது 2015ஆம் ஆண்டின் ஜீப் கிராண்ட் செரோக்கி. அதன் கியர்த் தண்டு ஒவ்வொரு முறை நகர்த்தியதும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கை உணராது. இந்தக் குறைக்காக 11 லட்சம் வாகனங்களைத் திரும்பப் பெறும் அறிவிப்பு அதே ஆண்டு ஏப்ரலிலேயே வந்திருந்தது.

பொத்தானை அழுத்தி நிறுத்தும் கார்களிலும் இப்படி ஏமாறலாம். 'பி'யில் இல்லாதபோது பொத்தானை அழுத்தினால், பல கார்களில் மின்சாரம் முழுதாக அணையாது, பேட்டரி தீர்ந்துபோகும். ஹைபிரிட் கார் நின்றதும் இயந்திரம் தானாக ஓய்ந்துவிடுவதால், அணைத்துவிட்டோம் என்று நினைத்து இறங்கிவிடுவோம். பேட்டரி குறைந்ததும் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கும். மூடிய கொட்டகையில் அப்படி நடந்தால், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரை பரவும்.

கதவைத் திறக்கும் முன் முகப்புப் பலகையைப் பாருங்கள். முதலில் 'பி' எழுத்து தெரிய வேண்டும். நிறுத்திய பிறகு விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும்.