மரக்கூழும் பூசணமும்

மழைக் காலத்தில் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர், பெட்டியில் மடித்து வைத்த பருத்தித் துணியில் பூசணம் பூத்திருக்கக் கண்டு வருந்துவதுண்டு. துணியை அழிக்கும் அதே ஆற்றல் தொழிலுக்குத் துணையாகும் விதத்தை ஈண்டுக் காண்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது, பசிபிக் மாகடலில் சாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் விரைவில் மட்கிப் போயின. அத்துணியிலிருந்து எடுத்த பூசணம் ஒன்றைப் படைத்துறை ஆராய்ச்சிக்கூடத்தில் எல்வின் ரீஸ், மேரி மண்டெல்ஸ் முதலியோர் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். ரீஸின் பெயராலேயே 1977-இல் அதற்கு ‘டிரைக்கோடெர்மா ரீஸி’ என்று பெயரிட்டனர்.

பருத்தி ஏறக்குறைய முழுவதும் செல்லுலோஸே. மரத்திலோ அது 100-க்கு 40 முதல் 50 பங்கு வரை உண்டு. குளுகோஸ் சர்க்கரை மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலிபோல் கோத்து நிற்பதே செல்லுலோஸ். பூசணத்துக்கு வாயில்லை, ஆகவே அது நொதிகளை வெளியே சுரந்து உணவைக் கரைக்கிறது. ஒருவகை நொதி சங்கிலியை நடுவில் வெட்டும்; மற்றொன்று நுனியிலிருந்து இரண்டிரண்டு சர்க்கரைகளாகக் கழற்றும்; மூன்றாவது அவ்விரண்டையும் தனித்தனியே பிரிக்கும்.

இந்த நொதிகளைப் பெருமளவில் பெறுவது எவ்வாறு? பூசணத்துக்கு நேரே குளுகோஸை ஊட்டினால் அது செழித்து வளரும், நொதியையோ சுரக்காது. ஆயத்தமாக உணவு கிடைக்கும்போது அதற்கு உழைக்க வேண்டிய தேவை இல்லை. மரக்கூழை அளித்தால், அதிலிருந்து அவிழும் சிறு சர்க்கரைத் துணுக்குகள் ‘இங்கே செல்லுலோஸ் உண்டு’ என்னும் செய்தியை உணர்த்த, நொதி பெருகுகிறது. மரத்தை அப்படியே இடுவதில்லை. செல்லுலோஸைப் பிணைத்திருக்கும் லிக்னினைப் பெரும்பாலும் நீக்கிய கூழையே இடுவர்.

எஃகுத் தொட்டியில் நீரும் கூழும் உப்புக்களும் கலந்து, கிருமி நீக்கிப் பூசண வித்தைத் தூவுவர். வெப்பம் சுமார் 28 பாகை இருத்தல் வேண்டும். தூய காற்றும் இடையறாது பாய வேண்டும். கூழ் மிகுந்தால் கலவை தடித்துக் காற்று பரவாது. ஆதலின் அதனைச் சிறிது சிறிதாகவே சேர்ப்பர். சில நாட்களுக்குப் பின் பூசணத்தை வடித்து நீக்கினால், எஞ்சும் நீரே நொதிக் கரைசலாகும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 1970-களில் உருவாக்கிய ‘ரட்-சி30’ என்னும் வகையில், சர்க்கரையைக் கண்டு சுரப்பை நிறுத்தும் குணம் பெரிதும் குறைந்தது; நொதியின் அளவும் உயர்ந்தது.

நீலக் காற்சட்டைத் துணியை வெளிறச் செய்யவும், பழைய காகிதத்தின் மையை அகற்றவும் இந்நொதிகள் பயன்படுகின்றன. இவற்றினும் பெரிய பணி ஒன்று உண்டு. தில்லியில் வாழ்வோர் ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் வைக்கோற்புகையால் படும் துன்பத்தை அறிவர். எரிந்து புகையாகும் அவ்வைக்கோலிலும் செல்லுலோஸ் உண்டு. அதனை நொதியால் சர்க்கரையாக்கி, சர்க்கரையை எத்தனாலாக மாற்றலாம். ஹரியானாவின் பானிப்பட்டில் 2022 ஆகஸ்டு 10-இல் தொடங்கி வைக்கப்பெற்ற ஆலை, ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து ஏறத்தாழ 3 கோடி லிட்டர் எத்தனால் ஆக்கத் திட்டமிடப்பெற்றது.

இத்தகைய தொழிலின் பெருஞ்சுமைகளுள் ஒன்று நொதியின் விலை. மலிவான கூழில் மிகுதியான நொதியை விளைவிக்கும் கலை வளருமாயின், உழவன் தீயிடும் வைக்கோல் விலை பெறும். நகரத்தார் சுவாசிக்கும் காற்றும் தூய்மை பெறும்.